கடைமடைக்கு வந்த தண்ணீரை எந்தப் பாவில் எழுதுவது?

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய கணக்கு நோட்டு இருக்கிறது. வரவு செலவெல்லாம் முதல் பத்துப் பக்கத்தோடு சரி, அதற்கப்புறம் முழுக்கத் தண்ணீர்தான். எங்கள் மதகுக்கு எந்த வருடம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு முதல் தண்ணீர் வந்தது, எத்தனை நாள் ஓடியது, ஊர் ஊராகத் தண்ணீர் விடும் முறை எப்போது மாறியது, அவ்வளவுதான் எழுதியிருப்பார். ஒரு பக்கத்தில் இப்படி: ‘ராத்திரி 11.40. தண்ணி வந்தது. ஷட்டர் திருக முடியல.’ (ஷட்டர் என்றால் மதகைத் திறந்து மூடுகிற கதவு.) இதைப் படித்த நாளிலிருந்து இந்த நோட்டை ஒரு நெடும்பாட்டாக எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பித்து.

மேட்டூரில் திறப்பது, கல்லணையில் பிரிப்பது, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகிப் பிரிவது, அங்கிருந்து கிளை, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி இறங்கித் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில், அதாவது பாசனத்தின் கடைசி முனையில், இருக்கிற எங்கள் கொல்லைக்கு வந்து சேர்வது வரை ஒரே பாட்டு. ஆயிரம் அடிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. (ஆயிரம் சும்மா சொன்னதில்லை. ஆசிரியப்பாவின் எல்லை ஆயிரம் அடி, குறைந்தது மூன்றடி என்று தொல்காப்பியச் செய்யுளியல் சொல்கிறது. பத்துப்பாட்டிலேயே நீளமான மதுரைக்காஞ்சி 782 அடிதான். ஆகவே ஆயிரம் என்பது பேராசைக்குப் போதுமான அளவு.)

மூன்று வருடத்தில் 140 அடி எழுதியிருக்கிறேன். அதிலும் பாதி வடிவம் மாறி மாறி எழுதியது. வடிவத்தை முதலில் முடிவு செய்யாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி, ஆகவே போன மாதம் உட்கார்ந்து ஒரு சோதனை செய்தேன். ஒரே காட்சி, அந்த 11.40 மணி ராத்திரி, அதையே ஐந்து வடிவத்தில் எழுதிப் பார்ப்பது. நெடுங்கவிதை எழுத நினைத்து எந்தப் பாவில் எழுதுவது என்று திண்டாடும் வேறு யாருக்காவது பயன்படலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்குப் பிடித்த இடத்தை, உச்சமான இடத்தை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அது தப்பு. உச்சமான இடத்தை எந்தப் பாவிலும் பாடிவிடலாம், நெடும்பாட்டில் அந்த மாதிரி இடம் எண்ணி நாலைந்துதான் வரும். மிச்சமெல்லாம் சும்மா வரப்பில் நடந்து போகிற இடம்: பத்து நாள் கழிந்தது, அவர் வந்தார், இவர் போனார், பக்கத்து ஊர்ப் பெயர் இன்னது. அந்த இடத்தைச் சலிக்காமல், பொய் சொல்லாமல் கடத்திக்கொண்டு போகிற பா எதுவோ அதுதான் உங்களுக்கான பா.

முதலில் ஆசிரியப்பா, அகவல் என்றும் சொல்வார்கள். அடிக்கு நாலு சீர், இரண்டிரண்டு அடிக்கு எதுகை, கடைசியில் ஒரு ஏகாரம். கட்டுப்பாடு இதைவிடக் குறைந்த மரபு வடிவம் கிடையாது.

சருகும் நுரையும் தலைமேல் சுமந்து
வருகுது தண்ணீர் மதகை நோக்கி
கரைமேல் மாமா கைகடுத் தோய
அரைவிரல் கூட அசையா ஷட்டரே.

எழுத ஒரு காபி குடிக்கிற நேரம் ஆனது. பெரிய அழகு இல்லை, ஆனால் நடக்கிறது. ‘வருகுது’ என்ற பேச்சுச் சொல்லும் ‘ஷட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் முறைத்துக்கொள்ளாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே குறை, கரையில் நின்றது பெரியப்பா, பாட்டில் மாமா ஆகிவிட்டார். ‘பெரியப்பா’ என்பது புளிமாங்காய், மூன்று அசை கொண்ட காய்ச்சீர். ஆசிரியப்பாவுக்கு ஈரசைச் சீர்தான் இயல்பு. காய்ச்சீர் வரவே கூடாது என்று சட்டமில்லை, வந்தால் ஓசை லேசாக இடறும். நான் பயந்துகொண்டு மாமாவாக மாற்றினேன்.

ஆசிரியப்பாவின் பெரிய பலம் எதுகை மோனையில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், அதற்கு முன்னால் எத்தனை எச்சத்தை வேண்டுமானாலும் அடுக்கலாம், கேட்கிறவன் முற்று வரும்வரை காத்துக்கொண்டே இருப்பான். அகவல் அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். பட்டினப்பாலையைப் பாருங்கள், நம் ஆற்றின் வாயில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடியது, மொத்தம் 301 அடி. ‘இப்பேர்ப்பட்ட பட்டினமே எனக்குக் கிடைத்தாலும் அவளை விட்டுவிட்டு வரமாட்டேன், நெஞ்சே’ என்பதுதான் அதில் காதலன் சொல்கிற சேதி. அந்தச் சேதியின் முதல் பாதியான ‘பட்டினம்’ என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் ஆறு, வயல், உப்பங்கழி, பரதவர் சேரி, துறைமுகம், சுங்கச் சாவடி, கடைத்தெரு எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன, இருநூறு அடிக்கும் மேல்! அதைச் சொல்லி முடித்ததும் ‘முட்டாச் சிறப்பின் பட்டினம் பெறினும்’ என்று ஒரு இழு, ‘வாரேன் வாழிய நெஞ்சே’ என்று ஒரு முடிச்சு. அத்தனை வர்ணனையும் அந்த முடிச்சில் போய்த் தொங்குகிறது. வர்ணனை சலிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த இலக்கணம்தான்.

தண்ணீர் கல்லணையில் புறப்பட்டு எங்கள் மதகுக்கு வருவதை ஒரே வாக்கியமாக எழுத முடியுமா என்று எனக்கு ஆசை வந்தது இதைப் படித்துத்தான். பிரிந்து, தேங்கி, திரும்பி, நுழைந்து, கசிந்து என்று ஐம்பது அறுபது அடி போய் ‘வந்தது’ என்று ஒரு வினை.

அடுத்து கலிவெண்பா. இதுதான் என்னை அதிகம் மயக்கியது, காரணமும் உண்டு. சோழர் காலத்து உலாக்களெல்லாம், ஒட்டக்கூத்தரின் மூவருலா உட்பட, கலிவெண்பாதான். உலா என்றால் என்ன? ஒருவர் தெருத்தெருவாகப் போகிறார், பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள். ஆறு ஊர் ஊராகப் போவதும் அதுதானே, அப்புறம் ஏன் ‘வாய்க்கால் உலா’ என்று ஒன்று இருக்கக் கூடாது? தலைப்பு வரை முடிவு செய்துவிட்டேன். பிறகுதான் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேருகிற விதி என்ற ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

கலிவெண்பாவும் வெண்பாதான், வெண்பாவின் விதி தெரிந்தவர்களுக்குத் தெரியும்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். அதாவது மாச்சீரை அடுத்து வரும் சீர் நிரையசையில் தொடங்க வேண்டும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து வருவது நேரசையில் தொடங்க வேண்டும். இந்த மூன்றைத் தவிர எதுவும் வரக்கூடாது, பாட்டு முழுக்க, அடி மாறும் இடத்திலும். மேலே இருக்கிற அகவலையே எடுத்து இந்தத் தராசில் வைத்தேன். ‘சருகும் நுரையும் தலைமேல் சுமந்து வருகுது தண்ணீர் மதகை’ வரை, நம்ப மாட்டீர்கள், அப்படியே வெண்டளையில் ஓடுகிறது. ‘மதகை நோக்கி’யில் தட்டியது. மதகை என்பது புளிமா, அடுத்து நிரையசை வந்தாக வேண்டும், ‘நோக்கி’ நேரசையில் தொடங்குகிறது. சரி, ‘மதகு வரைக்கும்’ என்று மாற்றினேன். அடுத்த அடியில் ‘கரைமேல் மாமா’வும் அதே குற்றம். அங்கேதான் ஒரு ஆச்சரியம்:

சருகும் நுரையும் தலைமேல் சுமந்து
வருகுது தண்ணீர் மதகு வரைக்கும்
கரைமேல் பெரியப்பா கைகடுத் தோய
அரைவிரல் கூட அசையாத ஷட்டர்…

அகவலில் வாசலிலேயே நிறுத்தி வைத்த பெரியப்பாவை வெண்பா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டது. ஓசையும் பாருங்கள், அகவல் பேசுகிறது என்றால் இது துள்ளாமல் துள்ளுகிறது. (உலாவில் வரும் கண்ணிகளுக்கு இரண்டாம் அடிக் கடைசியில் தனிச்சொல் வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன், சோதனைக்கு இது போதும்.)

நாலு அடிக்கு எல்லாம் சரி. சிக்கல் ஊர்ப்பெயரில் ஆரம்பித்தது. இதை யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே முட்டிக்கொண்டு கற்றது: கலிவெண்பாவில் இறங்குவதற்கு முன் உங்கள் பாட்டில் வரப்போகிற ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அலகிட்டு, அதாவது அசையசையாகப் பிரித்துப் பாருங்கள். திருத்துறைப்பூண்டி நல்ல பிள்ளை. ‘திருத்துறைப் பூண்டி’ என்று பிரித்தால் விளமுன் நேர், வெண்பா தாராளமாக ஏற்கும். ‘மன்னார் குடியில்’ மாமுன் நிரை, அதுவும் சரி. முத்துப்பேட்டை வராது. ‘முத்துப் பேட்டை’ மாமுன் நேர், தளை தட்டும். வேதாரண்யமும் அப்படியே, ‘வேதா ரண்யம்’ தட்டும். வேண்டுமானால் ‘முத்துப்பேட் டைக்கு’, ‘வேதாரண் யத்தில்’ என்று சொல்லை நடுவில் வெட்டி வகையுளி செய்து நுழைக்கலாம், இலக்கணப்படி தப்பில்லை, படிக்கும்போது வாயில் கல் அகப்பட்ட மாதிரி இருக்கும். கடைமடையைப் பற்றிய பாட்டில் முத்துப்பேட்டையும் வேதாரண்யமும் நொண்டிக்கொண்டு வந்தால் அப்புறம் என்ன கடைமடை? அகவலுக்கு இந்தத் தொல்லை இல்லை, ‘முத்துப் பேட்டை’ அதற்கு இயல்பான நேரொன்றாசிரியத் தளை.

இன்னொரு நடைமுறைக் கஷ்டம், திருத்துவது. நெடும்பாட்டை எழுதுவதில் முக்கால்வாசி வேலை திருத்துவதுதான். அகவலில் நடுவே இரண்டு அடியை உருவி எடுக்கலாம், இரண்டு அடியைச் சொருகலாம், யாருக்கும் தெரியாது. கலிவெண்பாவில் ஒரு அடியை எடுத்தால் மேலடியின் கடைசிச் சீரும் கீழடியின் முதல் சீரும் முகம் பார்க்க வேண்டும், பொருந்தாது, அதைச் சரி செய்யப் போனால் அதற்கு முன் சீர் கெடும், இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு ‘மதகை’ ‘மதகு’ ஆனதற்கே அரை மணி நேரம். அப்படியும் பாரதி குயில் பாட்டைக் கலிவெண்பாவில்தான் எழுதினார், பேசுகிற மாதிரி எழுதினார், அது அவருக்கு முடியும்.

விருத்தம். இதைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், ஏனென்றால் மாயவரம் பக்கம் தேரழுந்தூர் கம்பன் பிறந்த ஊர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தம் எழுதி, காட்சிக்குக் காட்சி சந்தத்தை மாற்றி, எங்கேயும் மூச்சு வாங்காதவன் பக்கத்து ஊர்க்காரனாக இருக்கும்போது நாம் விருத்தத்தில் கை வைப்பது கொஞ்சம் துணிச்சல்தான். இருந்தாலும் வைத்தேன். அறுசீர் விருத்தம், நாலு அடி, அடிக்கு விளம் மா தேமா இரண்டு முறை:

சருகொடு நுரையும் சேர்ந்து தலையிலே சுமந்து வந்து
ஒருமுழம் உயர்ந்த தண்ணீர் ஊரினைத் தொட்ட நேரம்
இருகரம் கடுக்க மாமா இழுத்துமே பார்த்தார் அங்கே
துருவினில் இறுகி ஷட்டர் துளியுமே அசைய வில்லை.

கவியரங்கத்தில் வாசித்தால் கைதட்டு விழும். ராகம் போட்டும் பாடலாம். ஆனால் உள்ளே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ‘இழுத்துமே’, ‘அங்கே’, ‘துளியுமே’ மூன்றும் சும்மா இடம் நிரப்ப வந்தவை. அதைக்கூட மன்னித்துவிடலாம். இரண்டாம் அடியில் ‘ஒருமுழம் உயர்ந்த தண்ணீர்’ என்று எழுதியிருக்கிறேனே, அது சுத்தப் பொய். கடைமடைக்கு வருகிற முதல் தண்ணீர் கணுக்கால் நனைந்தால் அதிகம். வெடித்துக் கிடக்கிற தரை முதலில் குடிக்கும், அது குடித்து மிச்சம் வைத்ததுதான் ஓடி வரும். எனக்குச் ‘சருகு’வுக்கு எதுகை வேண்டியிருந்தது, ‘ஒரு’ கிடைத்தது, ‘ஒரு’வுக்குப் பின்னால் முழம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாலாம் அடியில் ‘துரு’வும் அதே வழியில் வந்ததுதான். நோட்டில் ‘திருக முடியல’ என்றுதான் இருக்கிறது, ஏன் என்று இல்லை. எதுகை எனக்காகக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது.

இது கெட்டிக்காரர்களுக்கு நேராது என்பது உண்மை. கம்பனுக்கு எதுகை கைகட்டி நிற்கும். நமக்கு அது முதலாளி. ஆயிரம் அடி என்றால் 250 விருத்தம், ஒவ்வொன்றிலும் நாலு எதுகை, ஒவ்வொரு நாலாம் அடியிலும் ஒரு முத்தாய்ப்பு. 250 தடவை கதவைச் சாத்தித் திறக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டும் தனியாக நின்று மின்ன வேண்டும் என்பது விருத்தத்தின் சுபாவம். எனக்கு வேண்டியதோ நிற்காமல் போகிற ஒன்று. இன்றைக்கு இருக்கிற இன்னொரு சின்ன விஷயம், போனில் படிக்கிறவர்களுக்கு அறுசீர் எண்சீர் அடிகள் ஒரு வரியில் அடங்காமல் மடங்கி விழும், எது அடி எது மடிப்பு என்றே தெரியாது. நாலு சீர் அடி போனுக்குள் அழகாக அடங்கும்.

பரணித் தாழிசையையும் யோசிக்காமல் இல்லை. கலிங்கத்துப் பரணி பாடிய ஜெயங்கொண்டார் திருவாரூர் பக்கத்துத் தீபங்குடிக்காரர், இரண்டிரண்டு அடியாகக் குதிரை ஓடுகிற மாதிரி ஓடும். அது போருக்கு. எங்கள் வாய்க்கால் ஓடுகிற வேகத்துக்கு அந்தக் குதிரையெல்லாம் தேவையில்லை, விட்டுவிட்டேன்.

சிந்துக்கு வருகிறேன். 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது பாரதி முகவுரையில் எளிய பதம், எளிய நடை, எளிதில் அறியக்கூடிய சந்தம், பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு, இவை கொண்ட காவியம் வேண்டும் என்று எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் நொண்டிச் சிந்து, அதாவது திருடப் போய்க் கால் இழந்தவன் தன் கதையைத் தானே பாடுகிற நொண்டி நாடகத்து மெட்டு! அதற்கும் முன்னாலேயே மாயவரம் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தில் இதைக் கையாண்டிருக்கிறார். நாற்பது வேலி நிலம், பண்ணை, ஆண்டை, அடிமை, இந்த டெல்டாவின் சங்கதியை இதே மெட்டில் பாடி ஊரே கேட்டிருக்கிறது. ஆக நம் வயலுக்கு இது புதிதில்லை.

சருகொடு நுரைசுமந்தே – ராவில்
தண்ணீரும் வந்தது மதகடிக்கே;
துருவேறிப் போனபின்னே – ஷட்டர்
சொன்னபடி கேட்குமோ சொல்லுதம்பீ!

இதை எழுதி முடித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ‘சொல்லுதம்பீ’. நான் அதை யோசித்து எழுதவில்லை, மெட்டு தானாக ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. சிந்துக்கு எதிரில் ஆள் வேண்டும். கேட்கிறவனைக் கூப்பிட்டு, குத்திக் காட்டி, கேள்வி கேட்டுத்தான் அது நடக்கும். சண்டைக்கு, முறையீட்டுக்கு, பஞ்சாயத்துக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது. ராத்திரியில் ஒரு ஆள் தனியாக நின்று தண்ணீர் வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றால், அந்த அமைதியைச் சிந்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. அப்புறம் சலிப்பு: இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மெட்டைக் கேட்டால் காது தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும்.

கடைசியாகப் புதுக்கவிதை. என் நண்பர்கள் எல்லோரும் ‘எதுக்கு இந்த அலகிடுற வேலை, பேசாம புதுக்கவிதையா எழுதிட்டுப் போ’ என்றுதான் சொன்னார்கள். கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தி, புதுக்கவிதையின் முன்னோடி, நெடுங்கவிதையும் எழுதிப் பார்த்தவர்தானே, மரபைக் கற்றுவிட்டுத்தானே விட்டார் என்று நானும் எழுதினேன்.

பதினொன்று நாற்பது.
முதலில் சத்தம்தான் வந்தது,
காய்ந்த மூங்கில் இலையை யாரோ மிதிக்கிற மாதிரி.
அப்புறம் டார்ச் வெளிச்சத்தில்
ஒற்றைச் செருப்பு ஒன்று, நுரை,
அதற்குப் பின்னால் தண்ணீர்.
பெரியப்பா ஷட்டரைத் திருகினார்.
அது திரும்பவில்லை.

ஐந்தில் இதுதான் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். முழமும் இல்லை, துருவும் இல்லை, பெரியப்பா பெரியப்பாவாகவே இருக்கிறார், மணி பதினொன்று நாற்பதாகவே இருக்கிறது. அந்த மூங்கில் இலைச் சத்தம் மற்ற நாலிலும் கிடைக்கவில்லை. ஒரு பக்கக் கவிதை என்றால் இதோடு முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆனால் இதே மாதிரி அறுபது அடி தொடர்ந்து எழுதியபோது ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத் தம் கட்ட வேண்டியிருந்தது. அகவலில் ஓசை நம்மை அடுத்த அடிக்குத் தள்ளிவிடும், களைத்துப் போன நாளிலும் நாலு அடி எழுதிவிடலாம். இங்கே தள்ளுவதற்கு ஆள் இல்லை. ஒரு படிமம் இல்லாத வரி வெறும் செய்தியாகக் கிடக்கும், எல்லா வரியிலும் படிமம் வைத்தால் திகட்டும். ‘பத்து நாள் முறை மாறியது, பக்கத்து ஊருக்குத் தண்ணீர் போனது’ என்கிற வரப்பு நடை இதில் உரைநடையாகவே விழுகிறது. உரைநடையாக விழுவதானால் நோட்டே போதுமே, நான் எதற்கு?

நோட்டே போதும் என்று எரிச்சலில் நினைத்ததில்தான் ஒரு வழி தெரிந்தது. சிலப்பதிகாரத்தை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்கிறோம். முதுகெலும்பு அகவல், நடுநடுவே உரை, கடற்கரைக்கு வந்தால் கானல்வரி, அங்கே ‘நடந்தாய் வாழி காவேரி’ என்று பாட்டு. ஒரே வடிவத்தில் ஆயிரம் அடி எழுதியாக வேண்டும் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை, முன்னோர் யாரும் போட்டது இல்லை. பட்டினப்பாலையும் சுத்த அகவல் இல்லை, வஞ்சியடியும் அகவலடியும் கலந்தது:

வான்பொய்ப்பினும் தான்பொய்யா
மலைத்தலைய கடற்காவிரி

அடிக்கு இரண்டே சீர். (வானம் பொய்த்தாலும் தான் பொய்க்காத காவிரி. இதைக் கடைமடையில் உட்கார்ந்து படிக்கும்போது சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியாது. மேட்டூர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12; 2022இல் மே 24லேயே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம்.) இந்த வஞ்சியடி நாலசைச் சீருக்குக்கூட இடம் கொடுக்கும். முதல் தண்ணீர் என்னென்ன அடித்துக்கொண்டு வரும் என்ற பட்டியலை அகவலில் எழுதித் திணறியிருக்கிறேன், இதில் பாருங்கள்:

ஒற்றைச்செருப்பு உடைந்தபாட்டில்
வற்றற்சருகு வாழைநார்ச்சுருள்

எச்சமும் வேண்டாம், வேற்றுமை உருபும் வேண்டாம், சாமான்கள் தானாக மிதந்து போகின்றன. கலிவெண்பா ஏற்காத ஊர்ப்பெயர்களும் இங்கே ஒடியாமல் வருகின்றன; ‘திருத்துறைப்பூண்டி முத்துப்பேட்டை’ என்றால் அதுவே ஒரு வஞ்சியடி, பஸ் கண்டக்டர் கூவுகிற மாதிரி.

ஆக நான் முடிவு செய்தது இது. நடை அகவல், தண்ணீர் வரும் வழி ஒரே வாக்கியம். பட்டியல் வரும் இடம் வஞ்சியடி. நோட்டின் குறிப்புகள் உரையாக, பெரியப்பா எழுதிய எழுத்துப் பிழையோடு அப்படியே, ஒரு எழுத்துகூட மாற்றாமல். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ராத்திரிக்கு மட்டும் நோட்டில் ஒன்றும் இல்லை, வெறும் பக்கம். அந்த இடத்தில் புதுக்கவிதை வைக்கலாமா, வெறும் பக்கமாகவே விடலாமா என்று இன்னும் யோசனை. விருத்தம் ஒன்றும் இல்லை. சிந்துக்கு இடம் இருக்கிறதா என்று அப்போது தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அந்த நாலு அடி அகவலைத் திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

“மாமா யாருடா?”

“நீங்கதான் பெரியப்பா. சீர் இடிக்குதுன்னு மாத்தினேன்.”

“எங்க மச்சான் கும்பகோணத்துல பாத்திரக் கடை வச்சிருந்தான், அவனுக்கு வாய்க்கால் எது வடிகால் எதுன்னே தெரியாது. அவனைப் போய் ராத்திரியில கரையில நிக்க வச்சிருக்கே.”

சரி என்று அங்கேயே பேனாவை எடுத்து ‘கரைமேல் பெரியப்பா கைகடுத் தோய’ என்று அடித்துத் திருத்தினேன். காய்ச்சீர் ஒன்று இடறும், அவர் கை கடுத்த இடம்தானே. அப்புறம் சும்மா இருக்காமல், அன்றைக்கு ஷட்டர் ஏன் திருக முடியவில்லை, துருவா என்று கேட்டேன்.

“துருவா? ஆடி மாசம்தான் கிரீஸ் போட்டிருந்தாங்க. மேல்மடைக்காரன் எவனோ திருகுல செங்கல்லைச் சொருகி வச்சிருந்தான். அதைப் போய் நோட்டுல எழுதச் சொல்றியா, நாளைக்கு அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டாமா?”

முப்பது வருடம் கழித்து அந்த ‘திருக முடியல’வுக்குள் இருந்து ஒரு சண்டை வெளியே வந்திருக்கிறது. சிந்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்று முதலில் தோன்றியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தால், அவர் சண்டை போடவில்லை, யார் செய்தது என்று தெரிந்தும் சும்மா வீட்டுக்கு வந்து நோட்டில் இரண்டு சொல் எழுதிவிட்டுப் படுத்திருக்கிறார். அதற்குச் சிந்து ஆகாது. மன்னார்குடி தாண்டுவதற்குள் அகவலில் இரண்டு அடி வந்தது:

செங்கல் ஒன்றைத் திருகில் செருகி
எங்கள் பங்கை இறுக்கிய மேல்மடை

இதற்கு வினைமுற்று இன்னும் வரவில்லை.